கேட்பாரற்றுப் போன ஸ்ட்ரீம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பதில் தாமதமானதற்கு ஒரு ஹோட்டல்தான் காரணம்.

அங்கே அறைக்கு அறை டிவி. சேனல்கள் மல்டிகாஸ்டில், அதாவது ஒரே ஸ்ட்ரீமைக் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து அனுப்பும் முறையில், வருகின்றன. பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிய மறுநாளிலிருந்து ஒரே புகார்: படம் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். சேனலை மாற்றித் திரும்ப வைத்தால் மறுபடி ஓடும். கேபிளைச் சந்தேகப்பட்டு, செட்டாப் பாக்ஸைச் சந்தேகப்பட்டு, இரண்டு நாள் வீண். கடைசியில் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 4 நிமிடம் 20 விநாடி. அடுத்த அறையிலும் அதே. 260 விநாடி என்றதும்தான் பொறி தட்டியது.

எந்த போர்ட்டில் யார் எந்தச் சேனல் கேட்டார்கள் என்று ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (டிவிகளின் கோரிக்கையை ஒட்டுக்கேட்கும் வசதி) உள்ள ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி, குறித்துக்கொள்ளும். ஆனால் பந்தியில் வாளியோடு ஒருவர் "சாம்பார் வேணுமா?" என்று வந்துகொண்டே இருப்பதுபோல, 125 விநாடிக்கு ஒருமுறை குவெரியர் (கேள்வி கேட்கும் கருவி) "இன்னும் வேணுமா?" என்று கேட்க வேண்டும், டிவி பதில் சொல்ல வேண்டும். இரண்டு சுற்று நேரமும் மேற்கொண்டு 10 விநாடியும், ஆக 260 விநாடி, பதிலே வராமல் போனால், ஸ்விட்ச் அந்தக் குறிப்பை அழித்துவிடும். பழைய ரவுட்டரில் பிம் (மல்டிகாஸ்டை ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் நெறிமுறை) ஓடியதால் அதுவே குவெரியராகவும் இருந்திருக்கிறது. புதியதில் பிம்முக்கான அந்த வரியை யாரும் எழுதவில்லை. பிங் போகிறது, இன்டர்நெட் வருகிறது, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பத்து நிமிடம் பார்த்தேன், ஒரு கேள்வி கூட இல்லை. நிஜமாகவே கேட்பாரற்ற நெட்வொர்க்! மெயின் ஸ்விட்சிலேயே குவெரியரைப் போட்டேன், முடிந்தது. இரண்டு வரி வேலைக்குப் பில் எழுதத்தான் கூச்சமாக இருந்தது.

சரி, உன் ஃபேக்டரி கேமராக்களுக்கு வருகிறேன். மல்டிகாஸ்ட் முகவரியை 239.0.0.1 முதல் வரிசையாக வைத்திருக்கிறாயாமே, முதலில் அதை மாற்று. ஐபி முகவரியின் கடைசி 23 பிட் மட்டும்தான் மேக் முகவரிக்குள் (ஸ்விட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரி) போகிறது, அதனால் 32 குரூப்புக்கு, அதாவது 32 மல்டிகாஸ்ட் முகவரிக்கு, ஒரே மேக். உன் 239.0.0.1-க்கும் 224.0.0.1-க்கும் மேக் ஒன்றுதான். நெட்வொர்க்கின் சொந்த வேலைக்கான 224.0.0 வரிசையை ஸ்விட்சுகள் எல்லா போர்ட்டிலும் கொட்டும். மேக்கை மட்டும் பார்க்கும் மலிவு ஸ்விட்ச் உன் வீடியோவையும் சேர்த்தே கொட்டிவிடும். 239.10.10.1-லிருந்து ஆரம்பி.

ஆபீஸ் விலானிலும் (ஆபீசுக்கெனத் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) படம் தெரிய வேண்டுமானால் ரவுட்டரில் பிம் வேண்டும். அதற்கு முன் கேமராவில் டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர் வரை தாக்குப்பிடிக்கும் என்ற எண்) 1 என்று இருக்கிறதா பார். இருந்தால் பாக்கெட் முதல் ரவுட்டரிலேயே செத்துப்போகும், நீ பிம்மைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? அந்தப் பழைய ரவுட்டர் இப்போது என் மேசைக்கடியில்தான் கிடக்கிறது. வந்தால் எடுத்துப் போ.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்