ரிங்கு சிங்கின் பேஸ்பால் ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மல்யுத்த வீரர் ரிங்கு சிங்கைப் பற்றி எழுதுவோர், அவர் அமெரிக்காவில் பேஸ்பால் பந்தெறியாளராக இருந்த காலத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்த அந்த இடக்கை இளைஞர், 2008இல் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணியின் அமைப்பில் ஒப்பந்தமானார். அந்தப் போட்டியில் வெல்ல வேகத்தோடு துல்லியமும் தேவைப்பட்டது; ஆனாலும் அதை நான் பெரிதாக எண்ணவில்லை. ஓடிவந்து ஈட்டி வீசிப் பழகியவர், பந்தெறியாளருக்கான மேட்டில் காலூன்றி, மட்டையாளர் அருகே தரையில் பதித்த 17 அங்குல அகலத் தட்டின்மேல், மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே பந்தைச் செலுத்தக் கற்று, 2009இல், பெரிய அணிகள் இளம் வீரர்களைப் பயிற்றுவிக்கும் கீழ்நிலை லீக்கின் முதற்படியில் தொடங்கி, 2011இல் அதே லீக்கின் மேற்படியான 'ஏ' நிலையில் ஆடிய மேற்கு வர்ஜீனியா அணிவரை உயர்ந்ததே அரிய சாதனை. பின்னர் முழங்கைக் காயமும் அறுவை சிகிச்சையும் அந்த ஏற்றத்தை நிறுத்திவிட்டன. இவரைப் பற்றி இனி எழுதுவோர் இந்த மூன்று பருவங்களுக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை