பிடிஎஃப் மட்டும் போதாது: ஜாப் ஒர்க் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவையிலும் ஓசூரிலும் சென்னையிலும் சிறு சிஎன்சி (கணினி வழி இயங்கும் வெட்டு மெஷின்) கூடங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களின் வடிவமைப்பு, கொள்முதல், தரக் கட்டுப்பாட்டுத் துறையினருக்கு,

வணக்கம்.

சப்ளையர் கூட்டங்களில் எங்களை டிஜிட்டலுக்கு மாறச் சொல்கிறீர்கள். மாறத் தயார். ஆனால் கூட்டம் முடிந்து வரும் ஆர்டரோடு இருப்பது ஒரு பிடிஎஃப். அவசர வேலை என்றால் பிரிண்ட்டை மொபைலில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறீர்கள். உங்கள் டிசைனர் 3டி-யில் வரைந்த பாகம்தானே அது? அதைத் தட்டையாக்கி அனுப்ப, கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ இருக்கும் புரோகிராமர் அளவுகளை ஒவ்வொன்றாகப் படித்து மறுபடியும் 3டி ஆக்குகிறார். 3 என்பது 8 ஆவதும், பழைய ரிவிஷனில் நூறு பீஸ் ஓடிவிடுவதும் இந்த இடைவெளியில்தான்.

'ஸ்டெப் ஃபைல் கொடுக்கிறோமே' என்பீர்கள், அதாவது மென்பொருள்களுக்கு இடையே 3டி மாடலைப் பரிமாறும் பொது வடிவம். எந்த ஸ்டெப் என்பதுதான் கேள்வி. ஐஎஸ்ஓ 10303 என்ற ஒரே குடும்பத்தில் ஏபி203, ஏபி214, ஏபி242 என்று பல பிரிவுகள் உண்டு. முதல் இரண்டிலும் நடைமுறையில் வந்து சேர்வது வடிவம் மட்டுமே. 2014-இல் வெளியான ஏபி242-தான் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வேறுபாடு), டேட்டம் (அளவெடுக்க ஆதாரமான முகம்) எல்லாவற்றையும் அந்தந்த முகத்தோடு பிணைத்துக் கொண்டுவரும். உங்கள் ஃபைலை நோட்பேடில் திறந்து, மேலே 'ஃபைல் ஸ்கீமா' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'ஆட்டோமோட்டிவ் டிசைன்' என்றிருந்தால் அது ஏபி214.

ஏபி242 என்றிருந்தாலும் வேலை முடியவில்லை. எக்ஸ்போர்ட் செய்யும்போது அளவுகளைக் கோடுகளாக, வெறும் படமாக அனுப்பும் வழியும் இருக்கிறது. மனிதக் கண்ணுக்கு அது தெரியும், மெஷின் புரோகிராமை உருவாக்கும் கேம் மென்பொருளுக்கோ, பாகத்தை அளக்கும் சிஎம்எம் மெஷினுக்கோ தெரியாது. நமக்கு வேண்டியது மென்பொருளுக்கே பொருள் புரியும் தயாரிப்புக் குறிப்புகள், அதாவது 'செமான்டிக் பிஎம்ஐ'. எது போயிருக்கிறது என்று பார்க்க, அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் ஸ்டெப் ஃபைல் அனலைசர் என்ற கருவியை இலவசமாகவே தருகிறது. அனுப்புமுன் ஒருமுறை அதில் ஓட்டிப் பாருங்கள்.

வடிவம் மட்டும் வந்தால் என்ன கெடும்? ஒரே ஷாஃப்ட்டில் 25 மி.மீ. எச்6 ஒரு படி, பேரிங் உட்கார 25 மி.மீ. கே6 இன்னொரு படி என்று வைத்துக்கொள்வோம் (எச்6, கே6 என்பவை டாலரன்ஸ் குறிகள்). மாடலில் இரண்டும் 25.000 என்றுதான் இருக்கும். எச்6-க்கு எல்லை 24.987 முதல் 25.000 வரை. கே6-க்கு 25.002 முதல் 25.015 வரை. இரண்டுக்கும் பொதுவான அளவு ஒன்றுகூட இல்லை. மாடலை அப்படியே நம்பிப் புரோகிராம் எடுத்து, ஒரே டூலில் ஃபினிஷிங் ஓட்டினால், வேர் ஆஃப்செட்டை (டூல் தேய்மானத்துக்கான திருத்த அளவை) எந்தப் பக்கம் திருகினாலும் ஒரு படி ரிஜெக்ட். புரோகிராமிலேயே 24.9935, 25.0085 என்று நடு அளவுகளைக் கொடுக்க வேண்டும். டாலரன்ஸை வாசிக்கும் கேம் மென்பொருளாக இருந்தால் இந்த வேலையை அதனிடமே விடலாம். வெறும் வடிவத்தைக் கொடுத்தால் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மரை இன்னும் மோசம். எம்8 மரைத் துளையை ஒரு மென்பொருள் 6.8 விட்டமாகக் காட்டும், இன்னொன்று 6.647 ஆக, வேறொன்று 8 ஆகவே காட்டும். மரை என்ற குறிப்பு ஃபைலில் வராவிட்டால் அது டேப் போட (மரை வெட்ட) வேண்டிய துளை என்று யாருக்குத் தெரியும்?

பம்ப் உறை போன்ற வார்ப்புப் பாகங்களுக்கு ஒரு மாடல் போதாது. வார்ப்பு நிலையில் ஒன்று, மெஷினிங் முடிந்த நிலையில் ஒன்று என இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே ஆரிஜினில் (பூஜ்யப் புள்ளியில்). ஆரிஜின் வேறு வேறானால் எந்த முகத்தில் எத்தனை மில்லிமீட்டர் அலவன்ஸ் (வெட்டியெடுக்க வேண்டிய மிகுதி) என்பதைக் கணக்கிட முடியாது. ஒரு பக்கம் டூல் காற்றை வெட்டும், மறுபக்கம் எதிர்பாராத ஆழத்தில் இறங்கி அதன் வெட்டு முனையான இன்சர்ட் உடையும். முதல் செட்டப்பில் வார்ப்பு எந்தப் புள்ளிகளில் உட்கார வேண்டும் என்பதையும், அதாவது டேட்டம் டார்கெட்டையும், மாடலிலேயே குறித்துவிடுங்கள்.

ஆய்வு அறிக்கை பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எக்செல் வடிவம், பாதி செல்கள் பூட்டப்பட்டிருக்கும். சிஎம்எம் கொடுத்த எண்ணை ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். இதற்கென்றே கியூஐஎஃப் என்ற பொதுத் தரவு வடிவம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 23952 என்று 2020-இல் வந்தது. அதற்கு இன்று தயாராக இல்லையென்றால், பலூன் எண் (டிராயிங்கில் ஒவ்வோர் அளவுக்கும் வட்டமிட்டுக் கொடுக்கும் எண்), பெயரளவு, மேல் எல்லை, கீழ் எல்லை, அளந்த மதிப்பு என்ற ஐந்து நெடுவரிசைகளோடு ஒரு சிஎஸ்வியை ஏற்றுக்கொள்ளுங்கள். போதும்.

அடுத்தது, சிலர் புதிதாகக் கேட்கும் 'மெஷினின் நேரடித் தரவு'. மெஷின் தரவைப் பகிரும் பொதுத் தரநிலைகளான எம்டிகனெக்ட், ஓபிசி யுஏ இரண்டில் எது கேட்டாலும் சரி, உங்கள் சொந்தப் போர்ட்டலுக்கென்று தனி மென்பொருளை மட்டும் திணிக்காதீர்கள். ஈதர்நெட் உள்ள ஃபானுக் நிறுவனக் கட்டுப்பாட்டில் அதன் ஃபோகாஸ் இடைமுகம் வழியாக எடுத்து, அடாப்டர் வைத்து, கேட்பவருக்குத் தரவைத் தரும் மென்பொருளான எம்டிகனெக்ட் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கலாம். ஆர்எஸ்232 என்ற பழைய சீரியல் இணைப்பு மட்டும் இருக்கும் மெஷினில், அதன் நிலையைக் காட்டும் டவர் விளக்கின் 24 வோல்ட் சிக்னலை ஆப்டோகப்ளர் (ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் சிறு கருவி) வழியே எடுத்தால் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது தெரியும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஏஜென்ட்டை நேரடியாகத் திறந்துவிடவும் சொல்லாதீர்கள். சாதாரணமாக நிறுவிய ஏஜென்ட் கடவுச்சொல் கேட்காது, கேட்பவருக்கெல்லாம் ஓடும் புரோகிராமின் பெயரைச் சொல்லும். அதே மெஷினில் இரவு ஷிப்ட்டில் ஓடுவது உங்கள் போட்டியாளரின் பாகமாக இருக்கலாம்! உங்கள் பாகத்துக்கான எண்ணிக்கையையும் நேரத்தையும் மட்டும் பிரித்துத் தருகிறோம்.

மாடல் கொடுத்தால் டிசைன் திருடு போகும் என்ற பயம் புரிகிறது. ஆனால் எல்லா அளவும் எழுதிய பிடிஎஃப்பிலிருந்து அதே மாடலை எங்கள் புரோகிராமர் இப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறார். முழு அசெம்ப்ளி வேண்டாம், அந்த ஒரு பாகம் போதும்.

கடைசியாக, டிராயிங்கும் மாடலும் முரண்பட்டால் எது செல்லும்? ஏஎஸ்எம்இ ஒய்14.41, ஐஎஸ்ஓ 16792 என்ற தரநிலைகள் இரண்டும் மாடலோடு வேலை செய்யும் முறையைச் சொல்கின்றன, ஆனால் உங்கள் ஆர்டரில் எழுதாதவரை ரிஜெக்ஷன் டெபிட் நோட் எங்கள் மேல்தான் வருகிறது. எனவே அடுத்த முறை திரும்ப வரும் ஏதாவது ஒரு பாகத்துக்கு, பர்ச்சேஸ் ஆர்டரில் இந்த வரியைச் சேருங்கள்:

'இணைப்பு: பாக எண், ரிவிஷன் எண் கொண்ட ஏபி242 மாடல், செமான்டிக் பிஎம்ஐ-யுடன். மாடலும் பிடிஎஃப்பும் வேறுபட்டால் மாடலே செல்லும். வேறுபாட்டைச் சப்ளையர் எழுத்தில் தெரிவித்தால், பதில் வரும் நாள்வரை டெலிவரி தேதி தள்ளிப்போகும்.'

இப்படிக்கு,
சிறு சிஎன்சி கூடங்களின் புரோகிராமர்களும் ஆய்வாளர்களும்