மூன்றாம் தவணை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

மூன்றாம் தவணை முடியப் போகிறது. விளையாட்டிலும் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. தவணைப் பரீட்சை நேரசூசியைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறோம். புத்தகப்பையின் அடியில் தேடிப் பாருங்கள்.

இன்னொரு விடயம். செபமாலை மாதமான ஒக்டோபர் முழுவதும் மாதா சுரூபம் தோட்டத்து லயம் லயமாக, வீடு வீடாகப் போனது; போன வீட்டில் அன்றிரவு செபமாலை. நல்ல வழக்கம், விட்டுவிடக் கூடாதது. ஆனால் வீட்டுவேலை செய்யாமல் வந்தவர்களும், முதலாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்த்தவர்களும் அதே மாதத்தில்தான் கூடினார்கள். கேட்டால், "நேற்று எங்க வீட்டுல செபமாலை, டீச்சர்." மெழுகு சொட்டிய கணிதக் கொப்பிகூட சாட்சிக்கு வந்தது.

செபமாலையின் ஐந்து பத்துகளையும் (பத்து 'அருள் நிறைந்த மரியே' சேர்ந்தது ஒரு பத்து) மன்றாட்டுமாலையையும் நிதானமாகச் சொன்னாலும் அரை மணித்தியாலம் போதும். நேரம் வேறு இடத்தில் போகிறது. ஏழு மணிக்கு என்று சொல்லிவிட்டு, நாடகம் முடியட்டும் என்று எட்டரைக்குத் தொடங்குகிறோம். பிறகு பாட்டு, தேத்தண்ணி, ஊர்க்கதை. பிள்ளை படுக்கும்போது பத்தரை தாண்டிவிடுகிறது. இதில் மாதாவைக் குறை சொல்ல முடியுமா?

கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மா வீடு வர ஐந்து மணியாகும் என்பது தெரியும். அதனால் அவர் வரும்வரை காத்திருக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளை கணக்கை முடிக்கட்டும். களைத்த பிறகு கணக்கு ஓடாது. ஆறு மணிக்கு மூவேளைச் செபம், மூன்று நிமிடம். பிறகு முக்கால் மணி நேரம் வாசிப்பும் எழுத்தும். ஏழு மணிக்குள் செபமாலையைத் தொடங்கிவிடுங்கள், அதன் பின்தான் சோறு. சாப்பிட்டுவிட்டுக் கம்பளிக்குள் இருந்து செபித்தால் இரண்டாம் பத்திலேயே கண் சொருகும், குளிர் மாதத்தில் பெரியவர்களுக்கும்தான். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு பத்து போதும். மற்றவர்கள் ஆளுக்கொரு பத்தை முன்சொல்லட்டும், முன்சொல்பவர் தூங்குவதில்லை. சனிக்கிழமை இரவு மறுநாள் நற்செய்தியைப் பிள்ளையே உரக்க வாசித்தால் மறைக்கல்விக்கும் ஆயத்தம், தமிழ் வாசிப்பும் திருந்தும். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். போனை மாதா படத்தடியில் சார்ஜ் போட வேண்டாம். மணி அடித்தால் எல்லாக் கண்ணும் அங்கேதான் போகிறது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம் என்று செபத்தையே நிறுத்திய வீடுகளும் இருக்கின்றன. அந்த அரை மணித்தியாலத்தில் கூடுதலாக ஒரு வினாத்தாள்கூட முடியாது. இலங்கையில் மறைப்பணி செய்ய வந்து, 1692இல் கண்டியில் சிறைப்பட்டிருந்த புனித யோசேப்பு வாஸ் அடிகளார் அங்கேயே சிங்களம் படித்தார். அதற்காகச் செபத்தை விடவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "செபம் இருந்தது" என்று எழுதிவரும் துண்டை இனி வகுப்பாசிரியர்கள் ஏற்க மாட்டார்கள். படிப்பது மாணவரின் கடமை. அந்தக் கடமையிலிருந்து தப்பிக்கச் செபத்தைக் காரணமாகக் காட்டப் பிள்ளைக்குப் பழக்குவது செபத்துக்கே மரியாதை இல்லை. கரோல் பயிற்சிக்கும் இதே விதிதான்: பாடசாலை நாட்களில் எட்டு மணிக்குள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

குறையாகச் சொல்லவில்லை. விடியற்காலையில் எழும்பி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, மலையேறி வேலைக்குப் போகிறீர்கள். மாலையில் முழங்காலிட உங்களுக்கும் உடம்பு கேட்காது. அப்படியும் செபத்தை விடாத வீடுகளுக்கு எங்கள் நன்றி. சைவப் பிள்ளைகளின் பெற்றோரும் தேவாரத்துக்கு இதே ஒழுங்கை வைத்துக்கொள்ளலாம். நேரம் ஒதுக்குவது சிரமமாக இருந்தால் வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து ஒரு நேரசூசி போடலாம்.

இவ்வண்ணம்,
தலைமையாசிரியர்