விளக்கை அணைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் காரில் ஏர்பேக் விளக்கு நான்காவது முறையாக எரிகிறது. ஜாப் கார்டுகள் உங்களிடமே இருக்கின்றன, அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. மூன்று முறையும் ஸ்கேனரை மாட்டி, ஃபால்ட் கோடுகளை, அதாவது பழுதைச் சொல்லும் குறியீடுகளை, அழித்து, "சரியாயிடுச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். ஒரு தடவைகூட அம்மாபேட்டை தாண்டவில்லை, விளக்கு மறுபடி வந்துவிட்டது.

இப்போது ஹாரனும் அடிப்பதில்லை. வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போகிறேன். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பவேண்டும். எங்கள் வாய்க்கால் கரை ரோட்டில் பாதிக்கு நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை வளைவில் ஹாரனை அழுத்துகிறேன், சத்தமே இல்லை. நெல்லுக்குக் காவலாகப் படுத்திருந்த பெரியவர் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார். பிரேக்கை மிதித்துக்கொண்டே கதவை வெளிப்பக்கம் கையால் அடித்துக் கத்தினேன். அவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. பின்சீட்டிலிருந்து என் சட்டையைப் பிடித்த அம்மா, தஞ்சாவூர் வரும்வரை விடவில்லை.

ஹாரனும் ஏர்பேக்கும் சேர்ந்து போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளாக் ஸ்பிரிங்கைத்தானே? ஸ்டியரிங் வீலுக்கு அடியில் சுருண்டிருந்து, ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் இணைப்புக் கொடுக்கும் பட்டை ஒயர் அது. பொங்கல் முடிந்து ஸ்டியரிங் வேலைக்காக வீலைக் கழற்றியது உங்கள் ஆட்கள்தான். கிளாக் ஸ்பிரிங்கை நடுநிலையில் வைத்து மாட்டாவிட்டால், ஒரு பக்கம் முழுசாகத் திருப்பும்போது பட்டை இழுபட்டு அறுந்துபோகும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பெனி கையேட்டில் சொன்ன நேரம் பொறுத்திருங்கள். அப்புறம் ஏர்பேக்குக்குப் பதிலாக அதற்குரிய டம்மி ரெசிஸ்டரை மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பி ஒயரின் மின்தடையை அளந்து பாருங்கள். திருப்பத் திருப்ப அளவு தாவினால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். போன முறை உங்கள் மெக்கானிக் பையன் ஏர்பேக்கிலேயே மல்டிமீட்டரை வைக்கப்போனார். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரத்திலேயே அது வெடிக்கலாம். அவர் முகம் அதற்கு நேராகக் குனிந்திருந்தது, நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இருபது வயதுகூட இருக்காது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?

2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். கட்டாயம் என்பது பையை உள்ளே வைப்பதோடு முடிந்ததா, அது விரியவேண்டாமா? டெல்டாக்காரர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போவார்கள் என்று நினைத்துவிட்டீர்களா? சென்னையிலும் இப்படித்தான் வண்டியைத் திருப்பி அனுப்புவார்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை வண்டியைக் கொண்டுவருகிறேன். தயவுசெய்து இந்த முறை கோடுகளை அழித்து அனுப்பாதீர்கள். அளந்து பார்த்து, அறுந்ததை மாற்றி, என்ன கோடு, என்ன அளவு என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு அடுத்த டயாலிசிஸ் வெள்ளிக்கிழமை காலை.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்து வாடிக்கையாளர்