சொந்த லொறியும் நிறுவன ஒப்பந்தமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் லீசிங்கில் லொறி வாங்கும் நம் இளைஞர்கள், அதைப் போக்குவரத்து நிறுவனமொன்றுடன் ஒப்பந்தத்தில் இணைப்பதா, தனித்து ஓட்டுவதா என்பதை மாதத் தவணையை மட்டும் பார்த்தே தீர்மானிக்கின்றனர். நிறுவனம் சரக்கைத் தேடித் தரும். ஆனால் டீசல், டயர், பழுது எல்லாம் பெரும்பாலும் உரிமையாளர் தலையில் விழ, கட்டணத்தை நிர்ணயிப்பதோ நிறுவனம். தனித்து ஓடுபவர், நுவரெலியா மரக்கறியைக் கொழும்பில் இறக்கிவிட்டு வெறும் லொறியோடு திரும்பும் வழியில் கினிகத்தேனை மலையேற்றத்தில் எரிக்கும் டீசலையும் கணக்கிட வேண்டும். 2022இல் டீசல் விலை மீண்டும் மீண்டும் ஏறியதைக் கண்ட பின்னரும், விலைக்கேற்பக் கட்டணம் திருத்தப்படும் என்ற நிபந்தனை இல்லாத பத்திரத்தில் கையொப்பமிடுவது ஏனோ தெரியவில்லை. அந்நிபந்தனையும் விலகும் உரிமையும் தமிழில் எழுதப்பட்டிருந்தால், நிரந்தர வாடிக்கையாளர் இல்லாத புதியவர் முதலில் நிறுவனத்துடன் இணைவதே நல்லது என்பது என் கருத்து.

இப்படிக்கு,
லொறி உரிமையாளர் ஒருவர்,
ஹட்டன்.