ஐந்து மூலக்கூறு அகலத்தில்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, செந்தூலில் மறுபடியும் காலை நடை தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். ஒழுகிய கூரையையும் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம்.

மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டிருந்தாய். போன வாரம் ஆய்வுக்கூடத்துக்கே அழைத்துப்போய்க் காட்டினாள். இத்தனை ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தும், நீர்மப் படிகத்தை அன்றுதான் குப்பியில் பார்த்தேன். அரிசி களைந்த நீர் போலக் கலங்கலாக இருந்தது. 5சிபி என்று பெயர். 1970களில் இங்கிலாந்தின் ஹல் நகரில் வேதியியலாளர் ஜார்ஜ் கிரே குழுவினர் உருவாக்கியது. நம் ஊர் வெப்பத்தில் அதன் குச்சி போன்ற மூலக்கூறுகள் நீராக ஓடிக்கொண்டே ஒரே திசை நோக்கி நிற்கும். குப்பியை வெந்நீரில் வைத்தாள். 35 பாகை செல்சியஸைத் தாண்டியதும் வரிசை குலைந்து, சட்டென்று கண்ணாடியாய்த் தெளிந்தது. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

அதையே ஒரு திடப்பொருளில் உள்ள 10 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்துளைகளில் அடைத்தால் அந்தச் 'சட்டென்று' மறைந்துவிடுகிறதாம். மூலக்கூறின் நீளமே ஏறக்குறைய 2 நானோமீட்டர். குறுக்கே ஐந்துதான் நீட்டிப் படுக்கலாம். சுவரை உணராத மூலக்கூறு அங்கே இல்லை.

தைப்பூசத்துக்குப் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் விடியற்காலை நினைவிருக்கிறதா? திடலில் கூட்டம் எப்படியும் திரும்பி நிற்கும். சந்துக்குள் நுழைந்தால் சுவரோரம் நிற்பவர் சந்தின் போக்கில்தான் நிற்க வேண்டும். அவரை ஒட்டி அடுத்தவர். துளையிலும் அப்படித்தான். 35 பாகைக்கு மேலும் சுவரோரம் கொஞ்சம் ஒழுங்கு மிஞ்சுகிறது. குளிரக் குளிர அது மெல்லக் கூடுகிறது, எந்த இடத்திலும் தாவல் இல்லை. சுவர்களுக்கு நடுவே போதிய அளவு மெல்லிய படலத்தில் இப்படி நேரும் என்று பிங் ஷெங் என்ற இயற்பியலாளர் 1976இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். துளைக்குள் உறைவதுகூடத் தாமதமாகிறது. இன்னும் குளிர வேண்டியிருக்கிறது.

உருகுநிலை என்பது பொருளின் அடையாளம் என்றுதான் வகுப்பில் எழுதவைத்தேன். அது இருக்கும் இடமும் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது என்று ஒரு மாணவருக்கும் சொல்லவில்லையே என்று இரண்டு நாளாக மனம் அடித்துக்கொள்கிறது.

தைப்பூசத்துக்கு வந்துவிடு. அந்தக் குப்பி தெளிவதை நீயும் பார்க்க வேண்டும். மகளிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

உன் அன்புத் தோழி,
கௌரி