நேரமும் இடமும் முதல் வரியில் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் பேருந்து ஓட்டுநர். விடுப்பு நாளில் ஒரு கோயில் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கப் போவேன். எங்கள் தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் 230 பேர் இருக்கிறோம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குப் போனால் பின்வாசல் பூட்டிக் கிடந்தது. எனக்கு முன்பே ஓர் அம்மா அங்கே நின்றிருந்தார். எழுபதைத் தாண்டியவர், ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை, அதற்குள் மடித்த ஏப்ரனும் துண்டும். போனை என்னிடம் நீட்டி, "தம்பி, நேரம் மாத்திட்டாங்களா? இதுல எங்க போட்டிருக்கு, பாருங்க" என்றார்.

பார்வைக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். திரையில் ஏழெட்டு வரிதான் தெரிந்தது. காலை வணக்கம், விழாவின் மகிமை, முருகன் அருள். 'மேலும் படிக்க' என்பதைத் தட்டினால் நன்கொடையாளர்களுக்கு நன்றி. அதற்கும் கீழே, கடைசிக்கு முந்திய வரியில், சமையல் மாலை நான்கு மணிக்கு என்று இருந்தது. அடுத்து நாற்பது ஐம்பது பேர் போட்ட 'சரி'யும் கும்பிடு படமும். நானும் அந்த வரிவரை போகவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொட முடியாது. இரவு வேலை முடிந்து திறந்தபோது கண் சொருகியது.

எழுதியவர் அன்போடுதான் எழுதினார். ஆனால் 230 பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் படித்தாலே கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகிறது.

முன்பு குறுஞ்செய்தியில் தகவல் வந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துக்கு இடம், தமிழுக்கு 70தான். கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனி இடம் பிடிக்கும். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகிவிடும். அதனால் அப்போதைய பொறுப்பாளர், 'ஞாயிறு காலை 6. பின்வாசல். 12 பேர் தேவை.' என்று முடித்துவிடுவார். எண்ணிப் பார்த்தேன், 40 இடம்கூட வரவில்லை. ஆட்கள் சரியாக வந்து நின்றார்கள்.

குழு நடத்தும் அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து நாள், நேரம், இடம் மூன்றையும் முதல் வரியில் போடுங்கள். மாற்றம் இருந்தால் 'மாற்றம்' என்றே தொடங்குங்கள். வாழ்த்தையும் நன்றியையும் அப்புறம் தனியாக அனுப்புங்கள், படிக்க எங்களுக்கும் ஆசைதான். பதில் வேண்டாத தகவல் என்றால் அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றிவிடலாம். அந்த வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு மாலைவரை காத்திருக்க முடியவில்லை. மதியம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ரயில் நிலையம்வரை கூடப் போனேன். "ஒழுங்கா படிக்காம வந்தது என் தப்புதான் தம்பி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்மீது ஒரு தப்பும் இல்லை, ஐயா.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்